ஒரு சொல்லை இடம் மாற்ற மறுத்த மருத்துவர்: மைக்கேல் செர்வெட்டஸ்

ஈசா (அலை) அவர்கள் இறைவனின் மகனா? ஆதம் (அலை) அவர்கள் செய்த ஒரு பிழை, இன்று பிறக்கும் குழந்தையின் கணக்கில் எப்படி எழுதப்படும்? கிறிஸ்தவ சகோதரர்களுடன் உரையாடும்போது முஸ்லிம்கள் வழக்கமாக முன்வைக்கும் கேள்விகள் இவை. இவற்றை முஸ்லிம்கள் மட்டுமே கேட்கிறார்கள் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம், கிறிஸ்தவர்களில் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. கிறிஸ்தவ உலகின் உள்ளேயே, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை உயிராக நேசித்துக்கொண்டு இதே கேள்விகளைக் கேட்டவர்கள் ஒவ்வொரு நூற்றாண்டிலும் இருந்திருக்கிறார்கள். அதற்காகச் சிலர் பதவியை இழந்தார்கள். சிலர் நாட்டை இழந்தார்கள். ஒருவர் தாம் எழுதிய நூலோடு சேர்த்து எரிக்கப்பட்டார்.

அவர் பெயர் மைக்கேல் செர்வெட்டஸ். ஐரோப்பிய வரலாற்றுப் பாடநூல்களில் அவரை எரித்த நகரத்துக்கும், அந்த நகரத்தை வழிநடத்திய கால்வினுக்கும் தனி அத்தியாயமே உண்டு. செர்வெட்டஸுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

ஸ்பெயின் தந்த கேள்வி

ஸ்பெயினின் அரகோன் பகுதியில், வில்லனுவேவா டி சிஹேனா என்ற சிற்றூரில் 1511ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். தந்தை பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் நோட்டரி. சகோதரர் ஒருவர் பாதிரியார். பக்தியும் படிப்பும் உள்ள கத்தோலிக்கக் குடும்பம் அது.

அவர் பிறந்த காலத்தை நாம் கவனிக்க வேண்டும். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அந்தலுஸில் முஸ்லிம் ஆட்சியின் கடைசி விளக்கும் அணைந்தது. அதே ஆண்டில் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1502இல் காஸ்டில் பகுதி முஸ்லிம்களிடம், ஞானஸ்நானம் பெறுங்கள் அல்லது வெளியேறுங்கள் என்று சொல்லப்பட்டது. செர்வெட்டஸ் பதின்ம வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1525இன் இறுதியில், அவருடைய சொந்த அரகோன் முஸ்லிம்களுக்கும் அதே ஆணை வந்தது. தலைமுறை தலைமுறையாக உழவும் கட்டடக் கலையும் பார்த்து வந்த மக்கள், மனம் ஏற்காத ஒரு கொள்கையை வாயால் சொல்ல வைக்கப்பட்டார்கள்.

இந்த மக்களை ஒருவன் அருகிலிருந்து பார்த்தால் அவனுக்குள் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இறைவனை நம்புகிற, மர்யம் (அலை) அவர்களின் கண்ணியத்தை ஏற்கிற, ஈசா (அலை) அவர்களை மஸீஹ் என்று சொல்லுகிற ஒரு சமுதாயம் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்க மறுக்கிறது? எது அவர்களைத் தடுக்கிறது? செர்வெட்டஸ் பின்னாளில் எழுதிய நூல்களில் இந்தக் கேள்விக்கு அவருடைய விடை தெளிவாக இருக்கிறது. தடுப்பது திரித்துவக் கோட்பாடு என்றார் அவர்.

பொலோனியாவில் கண்ட காட்சி

இளம் வயதிலேயே ஹுவான் டி கின்டானா என்ற பிரான்சிஸ்கன் துறவியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு சட்டம் படிக்கப் பிரான்சின் துலூஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். முழு பைபிளையும் அவர் முதன்முதலாக ஆழ்ந்து படித்தது அங்கேதான். படித்து முடித்தபோது அவருக்கு வியப்பு. திருச்சபை மார்க்கத்தின் அச்சாணி என்று சொல்லும் திரித்துவம் என்ற சொல்லே அந்த நூலில் இல்லை. ஒரே சாரம், மூன்று ஆள்தன்மைகள் என்ற வாய்பாடும் இல்லை. அவையெல்லாம் 325ஆம் ஆண்டு நைசியாவிலும், 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டினோபிளிலும் கூடிய சபைகளைச் சுற்றி எழுந்த விவாதங்களில் உருவானவை என்பதை அவர் புரிந்துகொண்டார்.

1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முடிசூட்டு விழா இத்தாலியின் பொலோனியா நகரில் நடந்தது. கின்டானாவோடு செர்வெட்டஸும் அங்கே போனார். போப் ஏழாம் கிளமென்ட் மனிதர்களின் தோள்களில் சுமந்து வரப்படுவதையும், மக்கள் தெருவில் மண்டியிட்டு அவரை வணங்குவதையும் அந்த இளைஞர் பார்த்தார். அந்தக் காட்சி அவருக்குள் அருவருப்பை ஏற்படுத்தியது. பிற்காலத்தில் கசப்போடு அதை நினைவுகூர்ந்து எழுதினார். ஒரு மனிதருக்கு இறைவனுக்குரிய பணிவு செலுத்தப்படுவதைச் சகிக்க முடியாத உள்ளம் அவருடையது. அதன்பின் அவர் அரண்மனைப் பக்கம் திரும்பவில்லை.

இருபது வயதில் ஒரு நூல்

சீர்திருத்தவாதிகள் ஆதிக்கம் செலுத்திய பாசெல் நகருக்குப் போனார். பிறகு ஸ்ட்ராஸ்பர்க். போப்பின் அதிகாரத்தை எதிர்த்தவர்கள் தம் கேள்விகளையும் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று அவர் நம்பினார். அவர்கள் கேட்டார்கள், பிறகு காதைப் பொத்திக்கொண்டார்கள். சிலைகளை உடைக்கத் துணிந்தவர்களுக்கும் திரித்துவத்தைத் தொடும் துணிச்சல் இல்லை.

1531இல், ஏறத்தாழ இருபது வயதில், திரித்துவத்தின் பிழைகளைப் பற்றிய தம் முதல் நூலை ஹாகெனோ என்ற ஊரில் அச்சிட்டு வெளியிட்டார். தம் பெயரையும் ஊரையும் முதல் பக்கத்திலேயே போட்டார். அந்தத் துணிச்சலுக்கு விலை உடனே வந்தது. சீர்திருத்த நகரங்கள் நூலை விற்கத் தடை போட்டன. மறுபக்கம், ஸ்பெயினின் இன்குவிசிஷன் என்ற மதவிசாரணை மன்றம் 1532இல் அவரைத் தேடத் தொடங்கியது. அவரை நயமாகப் பேசி ஸ்பெயினுக்குத் திரும்ப அழைத்து வரும் வேலை, பாதிரியாராக இருந்த அவருடைய சொந்தச் சகோதரரிடமே ஒப்படைக்கப்பட்டது. செர்வெட்டஸ் போகவில்லை. மைக்கேல் செர்வெட்டஸ் என்ற பெயர் அன்றோடு மறைந்தது.

இரண்டாவது பெயர், இரண்டாவது வாழ்க்கை

பிறந்த ஊரின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் வைத்துக்கொண்டு, மிஷேல் டி வில்நவ் என்ற புதிய மனிதராக அவர் பிரான்சில் வாழத் தொடங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த வாழ்க்கை நீடித்தது.

லியோன் நகரின் அச்சகம் ஒன்றில் பிழைதிருத்துநராகவும் பதிப்பாசிரியராகவும் வேலை பார்த்தார். தாலமியின் பூகோள நூலை 1535இல் அவர் பதிப்பித்தார். பிறகு பாரிஸில் மருத்துவம் படித்தார். உடற்கூறியலின் தந்தை என்று இன்று போற்றப்படும் வெசாலியஸ் பணியாற்றிய அதே ஆசிரியரிடம் இவரும் பணியாற்றினார். அந்த ஆசிரியர் இருவரையும் பாராட்டி எழுதியிருக்கிறார். 1537இல் மருந்துப் பாகுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1540 வாக்கில் லியோனுக்குத் தெற்கே ரோன் நதிக்கரையில் உள்ள வியென் நகரில் குடியேறி, அங்குள்ள பேராயரின் மருத்துவரானார். நோயாளிகள் அவரை மதித்தார்கள். வருமானம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நகரத்திலேயே நிம்மதியாக முதுமை அடைந்திருக்கலாம்.

பகலில் நோயாளிகளுக்கு மருந்து எழுதினார். மற்ற நேரங்களில் ஒரு பெரிய நூலை எழுதினார். அந்த நூலின் பெயர் கிறிஸ்தவத்தின் மீட்டமைப்பு.

நுரையீரலும் இப்னு நஃபீஸும்

இந்த இறையியல் நூலுக்குள் ஒரு மருத்துவக் குறிப்பு இருக்கிறது. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு இரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியாகக் கசிந்து போகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பி வந்தது. செர்வெட்டஸ் அதை மறுத்தார். இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, நிறம் மாறி, பிறகுதான் இதயத்தின் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் அச்சான நூல்களில் இதை முதலில் சொன்னவர் அவர்தான்.

இதே உண்மையை அவருக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதியவர், டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ் (ரஹ்). ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞராகவும் மருத்துவராகவும் விளங்கிய அவர், இப்னு ஸீனாவின் மருத்துவ நூலுக்கு எழுதிய உரையில் இதை விளக்கினார். கி.பி. 1288இல் அவர் வஃபாத்தானார். அந்த உரையின் கையெழுத்துப் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்து உலகத்துக்கு அறிவித்தவர் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி. செர்வெட்டஸ் இதை இப்னு நஃபீஸிடமிருந்துதான் எடுத்தார் என்று நம் மேடைகளில் உறுதியாகச் சொல்லுவதுண்டு. அதற்கு நேரடிச் சான்று இல்லை. சான்றில்லாததை உறுதியாகச் சொல்வது அறிவுக்கும் அழகல்ல, மார்க்கத்துக்கும் அழகல்ல. முதலில் கண்டவர் இப்னு நஃபீஸ் என்ற உண்மையே நமக்குப் போதுமானது.

செர்வெட்டஸ் ஏன் இறையியல் நூலில் நுரையீரலைப் பற்றி எழுதினார்? ஆதமின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினான் என்ற செய்தியை அவர் ஒரு மருத்துவரின் கண்ணோடு பார்த்தார். மூச்சு எப்படி உயிராகிறது என்று கேட்டார். அந்தத் தேடல் அவரை நுரையீரலுக்குக் கொண்டு சென்றது.

மகன் என்றால் என்ன? பாவம் யாருடையது?

அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை இங்கே சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரை நம் வசதிக்கேற்ப வளைத்துக்கொள்ளக் கூடாது.

திருச்சபையின் கொள்கைப்படி, மகன் என்பவர் தந்தையைப் போலவே ஆரம்பமற்றவர், என்றென்றும் இருப்பவர். பெத்லகேமில் பிறக்கும் முன்பே மகனாக இருந்தவர். செர்வெட்டஸ் இதை மறுத்தார். ஆரம்பமற்றவன் இறைவன் ஒருவனே. மகன் என்ற பெயர் மர்யமின் வயிற்றில் இறைவனின் ஆற்றலால் உருவாகிப் பிறந்த இயேசு என்ற மனிதருக்குரியது. அந்தப் பிறப்புக்கு முன் மகன் என்று தனியாக ஒருவர் இருந்ததில்லை என்றார். மூன்று ஆள்தன்மைகளை, மூன்று தலை கொண்ட நாய் என்ற கிரேக்கப் புராண விலங்கோடு ஒப்பிட்டார். கடுமையான, புண்படுத்தும் உவமை அது. அந்த உவமை அவர் மீது கோபத்தைப் பன்மடங்காக்கியது.

அதேசமயம் அவர் இயேசுவை வெறும் மனிதர் என்றோ, ஒரு தூதர் மட்டுமே என்றோ சொல்லவில்லை. இறைவன் தன்னை வெளிப்படுத்திய உருவம் அவர் என்று நம்பினார். இறைமகன் என்ற சொல்லையும் கைவிடவில்லை. ஆகவே நாம் ஏற்றிருக்கும் தவ்ஹீதுக்கும் அவருடைய கொள்கைக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அவரை மறைமுக முஸ்லிம் என்று சொல்வது அவருக்கும் அநீதி, உண்மைக்கும் அநீதி.

இரண்டாவது விஷயம் பாவம். ஆதமின் பாவம் மனித இனம் முழுவதிலும் பரம்பரையாக இறங்குகிறது, ஆகவே பிறந்த குழந்தையும் குற்றவாளிதான் என்ற கோட்பாட்டுக்கு முழு வடிவம் கொடுத்தவர் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் அகஸ்டின். அதை எதிர்த்த பெலாஜியஸ் என்பவரின் கருத்தை 418இல் கார்த்தேஜில் கூடிய சபை கண்டித்தது. அன்றிலிருந்து குழந்தை ஞானஸ்நானம் அந்தக் குற்றத்தைக் கழுவும் சடங்காக உறுதிப்பட்டது. கத்தோலிக்கரை எதிர்த்த கால்வினும் இந்த இடத்தில் அகஸ்டினின் பக்கமே நின்றார்.

செர்வெட்டஸ் கேட்டது எளிய கேள்வி. நன்மை எது, தீமை எது என்று அறியாத குழந்தையிடம் குற்றம் எங்கிருந்து வரும்? ஆதமின் வீழ்ச்சி மனிதனுக்கு மரணத்தையும் பலவீனத்தையும் கொண்டு வந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தண்டனைக்குரிய பாவம் என்பது அறிந்து, விரும்பிச் செய்வது. அதற்கு அறிவு முதிர வேண்டும், அது இருபது வயதை ஒட்டியே நிகழ்கிறது என்றார். இயேசு முப்பது வயதில்தானே ஞானஸ்நானம் பெற்றார், குழந்தைக்கு எதற்கு அது என்று கேட்டார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சிளங் குழந்தைகள் நரகத்துக்குப் போகும் என்ற எண்ணத்தை அவரால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் வாசகர் தம் வீட்டு வாசலில் நிற்பதைப் போல உணர்வார். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்ற தூய இயல்பில் பிறக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. பருவம் அடையாதவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஒருவருடைய பாவத்துக்கு மற்றொருவர் பொறுப்பாளியாக மாட்டார் என்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்துகிறது. ஆதம் (அலை) அவர்கள் தவறினார்கள், தவ்பா செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான். கணக்கு அங்கேயே முடிந்தது. மன்னிக்கப்பட்ட ஒன்றுக்கு வாரிசுகள் ஏது?

செர்வெட்டஸ் குர்ஆனைப் படித்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட லத்தீன் மொழிபெயர்ப்பு 1543இல் பாசெல் நகரில் அச்சாகி வெளிவந்தது. தம் பெரிய நூலில் அவர் குர்ஆனிலிருந்து சான்று காட்டுகிறார். ஈசா (அலை) அவர்களைப் பற்றி முஸ்லிம்கள் இவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள், திரித்துவத்தை மட்டுமே மறுக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்லுகிறார்.

கால்வினுக்கு எழுதிய கடிதங்கள்

1546 வாக்கில், லியோனின் புத்தக வியாபாரி ஒருவர் மூலமாக அவர் ஜெனீவாவிலிருந்த ஜான் கால்வினோடு கடிதத் தொடர்பு கொண்டார். கேள்விகள் அனுப்பினார். கால்வின் பதில் எழுதினார். பதில் திருப்தி தரவில்லை என்று மீண்டும் எழுதினார். தம் பெரும் நூலைப் படித்துப் பாருங்கள் என்று கால்வின் அனுப்பி வைக்க, செர்வெட்டஸ் அதன் ஓரங்களிலெல்லாம் மறுப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். அவருடைய மொழியில் பணிவு இல்லை. கால்வினின் மொழியிலும் பொறுமை இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் கால்வின் தம் நண்பர் ஃபரேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். செர்வெட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தால், தம் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும்வரை அவரை உயிரோடு திரும்ப விடமாட்டேன் என்ற பொருளில் அமைந்த கடிதம் அது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அது நடந்தது.

1553 ஜனவரியில் வியென் நகரில் இரகசியமாக அந்த நூல் அச்சாகி முடிந்தது. ஆயிரம் பிரதிகள். ஆசிரியரின் பெயர் இல்லை, கடைசியில் மூன்று முதலெழுத்துகள் மட்டும். சில வாரங்களில் ஜெனீவாவில் வாழ்ந்த ஒருவர், லியோனில் இருந்த தம் கத்தோலிக்க உறவினருக்கு எழுதிய கடிதத்தில் மிஷேல் டி வில்நவ் யார் என்பதைப் போட்டுடைத்தார். சான்றாக, செர்வெட்டஸ் தம் கைப்பட கால்வினுக்கு எழுதிய கடிதங்களே அனுப்பப்பட்டன. கத்தோலிக்க நீதிமன்றத்துக்குச் சீர்திருத்த நகரம் சாட்சியம் வழங்கியது. ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்று சொல்லிக்கொண்ட இரு தரப்பும் ஒரு மனிதரை அழிப்பதில் கைகோத்தன.

ஏப்ரல் 4ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். மூன்றாம் நாள் அதிகாலையில், தோட்டத்துக்குப் போகச் சாவி வாங்கிக்கொண்டு சுவரேறித் தப்பினார். ஜூன் 17ஆம் தேதி வியென் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்து, அவருடைய உருவ பொம்மையை எரித்தது.

ஜெனீவாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போய், அங்குள்ள ஸ்பானியர்களிடையே மருத்துவம் பார்க்கலாம் என்பது அவருடைய திட்டம். வழியில் ஜெனீவாவில் தங்கினார். 1553 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. கால்வின் பிரசங்கம் செய்த தேவாலயத்தில் அவரும் போய் அமர்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டார்கள். அன்றே சிறை.

முப்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். திரித்துவம், குழந்தை ஞானஸ்நானம், தாலமியின் பூகோள நூலில் பாலஸ்தீனம் செழிப்பான நாடல்ல என்று இருந்த குறிப்பு வரை எல்லாமே வழக்கில் வந்தன. யூதர்களுக்கும் துருக்கியர்களுக்கும் ஆதரவான கொள்கையைப் பரப்பவில்லையா, குர்ஆனைப் படித்தது எதற்காக என்பதும் அரசுத் தரப்பின் கேள்விகளில் அடங்கும். அன்றைய ஐரோப்பாவில் துருக்கியர் என்றால் முஸ்லிம்கள் என்று பொருள். உஸ்மானியப் படை 1529இல் வியன்னாவை முற்றுகையிட்டு 24 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அச்சத்தின் நடுவே குர்ஆனிலிருந்து சான்று காட்டுவது சாதாரணக் காரியமல்ல.

வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார், மறுக்கப்பட்டது. சிறையில் பேன்கள் தம்மை உயிரோடு தின்கின்றன, மாற்றுத் துணி இல்லை என்று நகரசபைக்கு எழுதினார். குளிர் தொடங்கிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சூரிச், பெர்ன், பாசெல், ஷாஃப்ஹௌசன் ஆகிய நான்கு நகரங்களின் சபைகளிடம் ஜெனீவா கருத்துக் கேட்டது. நான்கும் அவரைக் கண்டித்துப் பதில் எழுதின.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தீர்ப்பளித்தது நகரசபை, கால்வின் அல்ல. அந்தச் சபையில் கால்வினின் எதிரிகளும் இருந்தார்கள். எரிப்பதற்குப் பதில் வாளால் தண்டனையை நிறைவேற்றுங்கள் என்று கால்வின் கேட்டதும் உண்மை. ஆனால் குற்றச்சாட்டுகளைத் தொகுத்தவரும், வழக்கைத் தூண்டியவரும், மரணமே தக்க தண்டனை என்று நினைத்தவரும் அவரே.

ஷாம்பெல் குன்று

அக்டோபர் 26ஆம் தேதி தீர்ப்பு. திரித்துவ மறுப்பு, குழந்தை ஞானஸ்நான மறுப்பு என்ற இரண்டுமே அதன் அடிப்படைகள். மறுநாள் 27ஆம் தேதி காலையில் கால்வின் சிறைக்கு வந்து அவரைச் சந்தித்தார். செர்வெட்டஸ் மன்னிப்புக் கேட்டார். கால்வின் தமக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை என்றார். கொள்கையில் இருவரும் அசையவில்லை.

நகரத்துக்கு வெளியே ஷாம்பெல் என்ற குன்றுக்கு அவரை நடத்திச் சென்றார்கள். கூடவே நடந்த ஃபரேல், வழி நெடுகிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வற்புறுத்தினார். கிறிஸ்துவை இறைவனின் நித்திய மகன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். செர்வெட்டஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பத்தில் சங்கிலியால் கட்டினார்கள். அவருடைய நூலையும் உடலோடு கட்டினார்கள். விறகு பச்சையாக இருந்ததால் நெடுநேரம் எரிந்தது. கடைசியாக அவர் இயேசுவை அழைத்துக் கருணை வேண்டினார். அப்போதும் நித்திய என்ற சொல்லை இறைவன் என்ற சொல்லுக்கு முன்புதான் வைத்தார், மகன் என்ற சொல்லுக்கு முன்பு வைக்கவில்லை. நித்தியமானவன் இறைவன், மகன் அல்ல. ஒரு சொல்லை இடம் மாற்றியிருந்தால் அவருடைய கொள்கை சரிந்ததாக அறிவித்திருப்பார்கள். நெருப்பின் நடுவிலும் அவர் மாற்றவில்லை.

அவருடைய அந்தக் கடைசிப் பிரார்த்தனையை ஒரு முஸ்லிமாக நாம் ஏற்க முடியாது. பிரார்த்தனை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஆயினும், உண்மை என்று தாம் நம்பிய ஒன்றுக்காக, பொய்யாக ஒரு சொல்லைக்கூட உதிர்க்க மறுத்த மனிதர் அவர் என்பதை மறுக்கவும் முடியாது.

எரியாமல் எஞ்சியவை

நூலின் ஆயிரம் பிரதிகளில் இன்று மூன்றுதான் இருக்கின்றன. பாரிஸ், வியன்னா, எடின்பரோ ஆகிய மூன்று நகரங்களின் நூலகங்களில் அவை பாதுகாக்கப்படுகின்றன.

மறுஆண்டே, 1554இல், பாசெல் நகரில் செபஸ்டியன் காஸ்டெல்லியோ என்ற கிறிஸ்தவ அறிஞர், மார்க்கக் கருத்துக்காக மனிதர்களைக் கொல்லலாமா என்ற கேள்வியோடு புனைபெயரில் ஒரு நூலைக் கொண்டு வந்தார். செர்வெட்டஸின் கொள்கையை அவர் ஆதரிக்கவில்லை. ஒரு மனிதனைக் கொல்வதால் எந்தக் கொள்கையும் காக்கப்படுவதில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். செர்வெட்டஸின் கருத்துகள் கிழக்கே டிரான்சில்வேனியா வரை போயின. அங்கே ஃபெரென்ஸ் டேவிட் என்பவர் திரித்துவத்தை மறுக்கும் திருச்சபையையே நிறுவினார். 1568இல் டோர்டா என்ற ஊரில் கூடிய சபை, ஊர் மக்கள் விரும்பும் போதகரை வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆயினும் ஃபெரென்ஸ் டேவிட் 1579இல் சிறையில்தான் இறந்தார்.

1903இல், 350 ஆண்டுகள் நிறைவடைந்தபோது, கால்வினைப் பின்பற்றும் கிறிஸ்தவர்களே ஷாம்பெல்லில் ஒரு நினைவுக் கல்லை நிறுவினார்கள். தங்கள் தலைவரை மதித்துக்கொண்டே, அவர் செய்தது பிழை என்றும், அது அந்த நூற்றாண்டின் பிழை என்றும் அதில் பொறித்தார்கள். 2011இல் ஜெனீவாவில் செர்வெட்டஸின் சிலையும் வைக்கப்பட்டது.

நமக்குள்ள பாடம்

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விரல் நீட்டினால், நாம் எதையும் கற்கவில்லை என்று பொருள். நம் வரலாற்றிலும் ஒரு ஷாம்பெல் நெருங்கி வந்தது. ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கருத்தை உலமாக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிமின் முன்னிலையில் சாட்டையால் அடிக்கப்பட்டார்கள். அங்கேயும் கேட்கப்பட்டது ஒரே ஒரு சொல்தான். அவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பின்னாளில் முஃதஸிமை அவர்கள் மன்னித்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இமாம் அவர்களின் ஈமானையும் செர்வெட்டஸின் கொள்கையையும் நான் ஒப்பிடவில்லை. கேள்விக்குச் சாட்டையால் பதில் சொன்ன ஆட்சியாளர்களை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

இரண்டாவது, அழைப்புப் பணியில் உள்ளவர்களுக்கு. திரித்துவத்தையும் ஜென்ம பாவத்தையும் பற்றிப் பேசும்போது, எதிரில் இருப்பவரின் நம்பிக்கையை அவர் சொல்லும் விதத்திலேயே முதலில் புரிந்துகொள்ளுங்கள். செர்வெட்டஸின் வாதங்கள் வலுவானவை. அவருடைய மூன்று தலை நாய் உவமையால் ஒருவர்கூட மனம் மாறவில்லை, அது அவருக்கு எதிரான சாட்சியமாகவே பயன்பட்டது. வேதக்காரர்களோடு அழகிய முறையிலேயே விவாதிக்க வேண்டும் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது. கேலி அழகிய முறையில் சேராது.

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்காக. இன்று கல்லூரியில் படிக்கும் ஒரு முஸ்லிம் இளைஞனோ இளம்பெண்ணோ மார்க்கத்தைப் பற்றி ஒரு கடினமான கேள்வியோடு மஹல்லாவின் இமாமிடம் வரலாம். கேட்பவரின் ஈமானைச் சந்தேகிப்பது எளிது. உட்கார வைத்து, முழுவதும் கேட்டு, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது கடினம். நம் இமாம்கள் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்ன செய்தி நம் மத்ரஸாக்களில் எல்லோரும் அறிந்ததுதானே!

செர்வெட்டஸின் கேள்விகளுக்கு ஜெனீவா விடை சொல்லவில்லை. அவரை எரித்தது, கேள்விகள் எஞ்சின. பிறந்த குழந்தை குற்றவாளியா என்ற கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்குத் தெளிவான விடையைச் சுமந்திருக்கும் சமுதாயம் நாம். அந்த விடையைப் பொறுமையோடும் நீதியோடும் எடுத்துச் சொல்லும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.